பாப்பில்லரி தைராய்டு புற்று: கழுத்துக் கணுக்களுக்குப் பரவியிருப்பதை அறுவைக்கு முன்பே கணிக்க முடியுமா?

குடமுருட்டி எழுதியது:

வணக்கம். என் தங்கைக்கு வயது 34. தைராய்டு சுரப்பியின் வலது மடலில் 1.4 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருக்கிறது. ஊசியால் உறிஞ்சி எடுத்த உயிரணுச் சோதனையில் அது பெதஸ்டா ஆறாம் வகை (புற்று என்று கருதப்படும் கடைசி வகை) என்றும் பாப்பில்லரி புற்று என்றும் உறுதியாகிவிட்டது. கழுத்து அல்ட்ராசவுண்ட் அறிக்கையில், பக்கக் கழுத்தில் சந்தேகத்துக்குரிய நிணநீர்க் கணுக்கள் எவையும் இல்லை என்றும், மூச்சுக்குழாயை ஒட்டிய நடுக்கழுத்துப் பகுதியை முழுமையாக மதிப்பிட இயலவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இரண்டு அறுவை மருத்துவர்களிடம் ஆலோசனை கேட்டோம். வலது மடலுடன் அந்தப் பக்கத்து நடுக்கழுத்துக் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடுவதே நல்லது என்கிறார் ஒருவர். மற்றவரோ, மடலை மட்டும் எடுத்தால் போதும், கணுக்களை அறுவையின்போது நேரில் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்கிறார். இருவருமே அனுபவம் மிக்கவர்கள் என்பதால் யார் பேச்சை ஏற்பது என்று குழப்பமாக உள்ளது.

இணையத்தில் தேடியபோது, வயது, பாலினம், கட்டியின் அளவு, ஸ்கேனில் தெரியும் தன்மைகள் ஆகியவற்றைக் கொடுத்தால் கணுப் பரவலின் வாய்ப்பைச் சொல்லும் நோமோகிராம்கள் பல கிடைத்தன. தங்கையின் விவரங்களை இரண்டில் இட்டுப் பார்த்தேன். ஒன்று பாதிக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு என்றது. மற்றொன்று ஐந்தில் ஒரு பங்கு என்றது. ஒரே பெண்ணுக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? பிராஃப் மரபணுச் சோதனை செய்தால் தெளிவு கிடைக்குமா? ரத்தப் பரிசோதனை எதுவும் உண்டா? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

---

கீழைக்காற்று (அகச்சுரப்பி அறுவை மருத்துவர்) எழுதியது:

உங்கள் தங்கையை நான் பரிசோதிக்கவில்லை. ஆகையால் இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் கொள்ளுங்கள்.

கணுவில் புற்று இருக்கிறது என்று சொல்லும்போது இரண்டு வேறு நிலைகளை ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். ஒன்று, கையால் தொட்டோ ஸ்கேனில் பார்த்தோ அறுவைக்கு முன்பே கண்டறியப்படும் பரவல். மற்றொன்று, எடுத்த கணுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் எள்ளளவுப் பரவல். முன்கூட்டியே கணுக்களை நீக்கிப் பார்த்த ஆய்வுத் தொகுப்புகளில், ஸ்கேனில் எதுவும் தெரியாதவர்களிலும் பாதிப் பேர் வரை இரண்டாவது வகைப் பரவல் காணப்பட்டிருக்கிறது. ஆனால் பாப்பில்லரி புற்றில் இவ்விரண்டும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, பாதிக்கப்பட்ட கணுக்கள் ஐந்துக்கு மேற்படாமலும் ஒவ்வொன்றிலும் உள்ள பரவல் 2 மி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால், நோய் மீண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம். அறுவைக்கு முன்பே வெளிப்படத் தெரிந்த கணுக்கள் இருந்தாலோ, பாதிக்கப்பட்டவை ஐந்துக்கு மேல் இருந்தாலோ அது 20 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 3 செ.மீ.க்கு மேற்பட்ட கணு இருந்தால் 30 சதவீதம் வரை போகிறது. நீங்கள் பார்த்த நோமோகிராம்களில் பெரும்பாலானவை 5 சதவீத ஆபத்துள்ள நிலையையும் 30 சதவீத ஆபத்துள்ள நிலையையும் வேறுபடுத்தாமல், 'கணுவில் புற்று உண்டு' என்ற ஒரே கட்டத்தில் இரண்டையும் போட்டுவிடுகின்றன.

ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. மருத்துவர் அகிரா மியாவுச்சியின் முன்மொழிவின்படி 1993 முதல், 1 செ.மீ.க்கு உட்பட்ட, ஆபத்துக் குறைந்த பாப்பில்லரி புற்றுகளை உடனே அறுவை செய்யாமல் கண்காணித்து வருகிறார்கள். அவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றி 2014இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், 10 ஆண்டுகளில் புதிதாகக் கணுப் பரவல் தென்பட்டவர்கள் 3.8 சதவீதம் மட்டுமே. அதே அளவுள்ள கட்டிகளை வெட்டியெடுத்துக் கணுக்களையும் சோதித்த இடங்களில் நுண்ணிய பரவல் இதைப்போலப் பல மடங்கு காணப்படுகிறது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பரவலில் பெரும்பகுதி, பத்தாண்டுகள் ஆனாலும் வளர்ந்து வெளிப்படாமல் கிடக்கிறது என்றுதான் பொருள். உங்கள் தங்கையின் கட்டி 1.4 செ.மீ. என்பதால் அந்தக் கண்காணிப்பு வரையறைக்குள் அவர் வரமாட்டார். நோயின் இயல்பை விளக்குவதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

பிராஃப் பற்றி: பாப்பில்லரி புற்றுகளில் ஏறத்தாழப் பாதியிலோ அதற்கு மேலோ அந்த மரபணு மாற்றம் இருக்கிறது. இவ்வளவு பரவலாகக் காணப்படும் ஓர் அடையாளத்தைக் கொண்டு, கணுவுக்குப் பரவியவரையும் பரவாதவரையும் பிரித்தறிய முடியாது. இத்தாலியின் பீசா நகரக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கணுக்கள் எவையும் தெரியாத 181 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு முழுத் தைராய்டு நீக்கமும், மறு பிரிவுக்கு அதனுடன் நடுக்கழுத்துக் கணு நீக்கமும் செய்தார்கள். கணுக்களை எடுத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நுண்ணிய பரவல் இருந்தது. ஆனால் அறுவைக்கு முன் அவர்கள் ஆராய்ந்த எந்தக் கூறும், பிராஃப் உட்பட, அதை முன்னறிவிக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் இரு பிரிவினரின் நோய் நிலையிலும் வேறுபாடு இல்லை. கணுக்களை எடுக்காத பிரிவினருக்குக் கதிரியக்க அயோடின் (எஞ்சிய தைராய்டு திசுவை அழிக்கும் மருந்து) கூடுதல் முறை தர நேர்ந்தது. எடுத்த பிரிவிலோ, ரத்தக் கால்சியத்தைச் சீராக வைக்கும் சிறு சுரப்பிகளான பாராதைராய்டுகளின் நிரந்தரக் குறைபாடு 19.4 சதவீதம், எடுக்காத பிரிவில் 8 சதவீதம். வாழ்நாள் முழுவதும் கால்சியமும் வைட்டமின் டி மருந்தும் உட்கொள்ள நேரிடும் குறைபாடு அது. அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

ரத்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை, பாப்பில்லரி வகைக்கு அப்படி எதுவும் இல்லை. சுரப்பி உடலில் இருக்கும்போது ரத்தத்தில் தைரோகுளோபுலினை (தைராய்டு உயிரணுக்கள் உண்டாக்கும் புரதம்) அளப்பதால் கணுவைப் பற்றி ஒன்றும் தெரியவராது. மெடுல்லரி வகைப் புற்றில்தான் நிலைமை வேறு. அங்கே அந்தப் புற்றணுக்கள் சுரக்கும் கால்சிடோனின் என்ற ஹார்மோனின் அளவு ரத்தத்தில் உயர உயர, கணுப் பரவல் எந்தப் பகுதி வரை எட்டியிருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது: மில்லிலிட்டருக்கு 20 பிகோகிராமைத் தாண்டும்போது கட்டி உள்ள பக்கத்துக் கணுக்கள், 200ஐத் தாண்டும்போது மறுபக்கத்துப் பக்கக் கழுத்து, 500ஐத் தாண்டினால் மேல் மார்புக்கூடு என்று ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் மாக்கென்ஸ், டிராலே ஆகியோர் படிநிலைகளாகவே வகுத்திருக்கிறார்கள். அது வேறு உயிரணுவிலிருந்து தோன்றும் வேறு நோய். இணையக் கட்டுரைகளில் இரண்டையும் கலந்து எழுதுவதால் பலர் குழம்புகிறார்கள்.

---

ஒலிநிழல் (கதிரியக்க மருத்துவர்) எழுதியது:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஸ்கேன் அறிக்கையில் 'மதிப்பிட இயலவில்லை' என்று எழுதியிருப்பதைக் குறையாகக் கொள்ள வேண்டாம் என்று சேர்க்க விரும்புகிறேன். அது நேர்மையான அறிக்கை.

நடுக்கழுத்துப் பகுதி என்பது மேலே நாவடி எலும்புக்கும் கீழே மார்பெலும்பின் மேற்குழிவுக்கும் இடையில், இரு பக்கமும் கழுத்துத் தமனிகள் எல்லையாக அமைந்த இடம். அங்குள்ள கணுக்கள் சிறியவை. தைராய்டு சுரப்பி அவற்றின்மேல் படர்ந்திருக்கிறது. காற்று நிரம்பிய மூச்சுக்குழாய் ஒலியலைகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே, சுரப்பி எடுக்கப்படுவதற்கு முன் அந்த இடத்தில் உள்ள பரவலில் பாதியைக்கூட அல்ட்ராசவுண்ட் கண்டுபிடிப்பதில்லை. இயந்திரத்தை மாற்றினாலும் இதில் பெரிய மாற்றம் வராது. பக்கக் கழுத்தில் நிலைமை தலைகீழ். அங்கே தேர்ந்த கையால் செய்யப்படும் ஸ்கேன் மிகவும் நம்பத்தக்கது.

நாங்கள் தேடும் அறிகுறிகள் சில: நுண்ணிய சுண்ணப் படிவுகள், கணுவுக்குள் நீர்க்குழி, வழக்கத்தைவிட வெண்மையாகத் தெரியும் திசு, ஓரங்களில் ஓடும் தாறுமாறான ரத்த ஓட்டம். முதல் இரண்டும் பாப்பில்லரி புற்றில் மிக வலுவான சான்றுகள். கணு உருண்டையாக இருப்பதும், நடுவிலுள்ள கொழுப்புக் கீற்று மறைந்திருப்பதும் துணைச் சான்றுகள் மட்டுமே. அவற்றை மட்டும் வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது.

உங்கள் தங்கைக்கு ஹஷிமோட்டோ எனப்படும் தன்னெதிர்ப்பு அழற்சி உண்டா என்று அறிக்கையில் பாருங்கள். அந்த அழற்சி உள்ளவர்களுக்கு நடுக்கழுத்தில் வீங்கிய கணுக்கள் சாதாரணமாகவே இருக்கும். அளவை மட்டும் பார்த்துப் புற்று என்று எண்ணுவது அங்கே அடிக்கடி நேரும் பிழை.

அப்பகுதியின் மேற்பகுதியில், குரல்வளைக்கு முன்னால் உள்ள கணுவை டெல்ஃபியன் கணு என்பார்கள். ஸ்கேனில் அது தென்பட்டால் அதன் தன்மையைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். அதுபோலவே, கட்டி வலது மடலின் மேல்முனையில் இருந்தால் பக்கக் கழுத்தைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். மேல்முனைக் கட்டிகள் சில வேளைகளில் நடுப்பகுதியைத் தாண்டி நேராகப் பக்கக் கழுத்துக்குப் போய்விடுகின்றன.

---

ஏழாம்வாய்ப்பாடு (மருத்துவப் புள்ளியியல்) எழுதியது:

இரண்டு நோமோகிராம்கள் ஏன் இரண்டு விடைகளைத் தருகின்றன என்ற கேள்விக்கு யாரும் இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அதை எடுத்துக்கொள்கிறேன்.

நோமோகிராம் போன்ற இந்தக் கணிப்பு மாதிரிகளில் மிகப் பெரும்பாலானவை சீனாவிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வருகின்றன. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சீனாவில் கட்டி இருக்கும் பக்கத்து நடுக்கழுத்துக் கணுக்களை முன்கூட்டியே நீக்குவது வழிகாட்டலிலேயே பரிந்துரைக்கப்பட்ட வழக்கம். கணுக்களை எடுத்தால்தான் 'இருந்தது', 'இல்லை' என்ற விடை கிடைக்கும். விடை இருந்தால்தான் மாதிரியைப் பயிற்றுவிக்க முடியும். அந்த விடையோ, எத்தனை கணுக்களை எடுத்தார்கள், நோய்க்குறியியல் ஆய்வகத்தில் எத்தனை சீவல்கள் வெட்டிப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். இரண்டே கணுக்களை எடுத்த மருத்துவமனையில் 'இல்லை' என்று பதிவாகும் நோயாளி, பத்துக் கணுக்களை எடுக்கும் மருத்துவமனையில் 'உண்டு' என்று பதிவாகியிருக்கக்கூடும். அடிப்படை விகிதம் இப்படி இடத்துக்கு இடம் வேறுபடும்போது, ஓரிடத்தில் உருவான மாதிரியை இன்னோரிடத்துப் பெண்ணுக்குப் பொருத்தினால் வரும் சதவீதம் தடுமாறத்தான் செய்யும்.

மற்றொரு குறையை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 'அறுவைக்கு முந்தைய கணிப்பு' என்று தலைப்பிட்ட கட்டுரைகள் சிலவற்றில், சுரப்பி உறையைக் கட்டி ஊடுருவியிருப்பது நுண்ணோக்கியில் தெரிந்ததா, நிணநீர்க் குழாய்க்குள் புற்றணுக்கள் இருந்தனவா என்ற விவரங்களையும் உள்ளீடாகச் சேர்த்திருக்கிறார்கள். அவை அறுவைக்குப் பிறகு மட்டுமே தெரியக்கூடியவை. அத்தகைய மாதிரியின் திறன் எவ்வளவு உயர்வாகக் காட்டப்பட்டிருந்தாலும் அறுவைக்கு முன் அதனால் பயன் இல்லை.

சரி, குறையற்ற ஒரு மாதிரியே கையில் இருப்பதாகக் கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நூறு பேரில் 40 பேருக்கு நுண்ணிய பரவல் இருக்கட்டும். நடுக்கழுத்து ஸ்கேன் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரைக் கண்டுபிடித்து, பரவல் இல்லாத 60 பேரில் 6 பேரைத் தவறாகச் சந்தேகிக்கட்டும். அப்போது 'ஒன்றுமில்லை' என்ற அறிக்கை பெறுவோர் 81 பேர்; அவர்களில் 27 பேருக்குப் பரவல் இருக்கிறது. தெளிவான ஸ்கேன் கிடைத்த பிறகும் வாய்ப்பு 40 சதவீதத்திலிருந்து 33க்கு மட்டுமே இறங்குகிறது. இப்போது அந்தத் தெளிவான ஸ்கேன்காரர்களில் நூறு பேரிடம், இரு திசையிலும் 70 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு மாதிரியை ஓட்டினால், அது 43 பேரை 'ஆபத்து அதிகம்' என்று பிரிக்கும். அவர்களில் ஏறத்தாழ 23 பேருக்குத்தான் உண்மையில் பரவல் இருக்கும். 'ஆபத்து குறைவு' என்று சொன்ன 57 பேரிலும் 10 பேருக்கு இருக்கும். பாதிக்குச் சற்று மேல் ஒருபுறம், ஆறில் ஒன்று மறுபுறம். இந்த இடைவெளி ஆய்வுக் கட்டுரைக்குப் போதுமானது. ஒரு பெண்ணின் கழுத்தில் என்ன செய்வது என்று முடிவெடுக்கப் போதுமா என்பது எனக்கு ஐயம்தான்.

ஸ்கேன் படங்களிலிருந்து நேரடியாகக் கற்கும் ரேடியோமிக்ஸ், ஆழ்கற்றல் மாதிரிகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். ஒரு கட்டுரையைப் பார்க்கும்போது, வேறு மருத்துவமனையில், வேறு இயந்திரத்தில், பின்னாளில் வந்த நோயாளிகளிடம் சோதித்தார்களா என்பதை முதலில் தேடுங்கள். ஒரே மருத்துவமனைத் தரவை எழுபதுக்கு முப்பது என்று பிரித்துச் சோதிப்பது அதற்கு ஈடாகாது.

---

தெற்குவீதி (அறுவை மருத்துவர்) எழுதியது:

விவாதம் ஒருபக்கமாகச் சாய்வதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். பீசா ஆய்வு முழுத் தைராய்டு நீக்கம் பெற்றவர்களைப் பற்றியது. அங்கே நான்கு பாராதைராய்டு சுரப்பிகளும் ஆபத்துக்கு உள்ளாகின்றன. இந்தப் பெண்ணுக்குப் பேசப்படுவது ஒரு பக்க மடல் நீக்கம். அந்தப் பக்கத்துக் கணுக்களை மட்டும் எடுத்தால் மறுபக்கத்து இரண்டு சுரப்பிகளும் தொடப்படுவதில்லை. எனவே நிரந்தரக் கால்சியக் குறைவு ஏற்படும் வாய்ப்பு மிகவும் குறைவு. ஆகையால் 19.4 சதவீதம் என்ற எண்ணை இவருக்குப் பொருத்துவது சரியாகாது.

மேலும், பின்னாளில் அந்த இடத்தில் நோய் வெளிப்பட்டால், தழும்பேறிய திசுவுக்குள் குரல் நரம்பைத் தேடி மீண்டும் அறுவை செய்வது முதல் அறுவையைவிடக் கடினம். அந்த இடம் எப்படியும் முதல் அறுவையில் திறக்கப்படுகிறது. முதல் மருத்துவரின் யோசனையை வெறும் அதீத எச்சரிக்கை என்று நான் கருதமாட்டேன்.

---

கீழைக்காற்று எழுதியது:

ஒரு பக்க நீக்கத்தில் பாராதைராய்டு ஆபத்துக் குறைவு என்பது சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். குரல் நரம்புக்கான ஆபத்து எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஆண்டுக்குச் சில தைராய்டு அறுவைகள் மட்டும் செய்பவரிடம் கணு நீக்கத்தைக் கேட்டுப் பெறுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கணுக்களை எடுத்து, அவற்றில் இரண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவில் பரவல் இருப்பதாக அறிக்கை வந்தால், அடுத்து என்ன செய்வீர்கள்? நான் முன்பு குறிப்பிட்ட வழிகாட்டல் அந்நிலையை ஆபத்துக் குறைந்த பிரிவிலேயே வைக்கிறது. 34 வயதுக்காரருக்கு, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாத வரை, கணுவில் பரவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோய் முதலாம் நிலையில்தான் (ஸ்டேஜ் 1) வைக்கப்படுகிறது. 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான் கணுப் பரவல் இருந்தால் அது இரண்டாம் நிலையாகிறது. அந்த அறிக்கையைக் கண்டு மறு மடலையும் எடுத்துக் கதிரியக்க அயோடினும் கொடுக்கும் வழக்கமுடைய மருத்துவர் என்றால், கணுக்களை எடுப்பது என்ற சிறிய முடிவு, பின்னால் வரும் பெரிய சிகிச்சை ஒன்றுக்கு வாயிலாகிவிடும். கண்காணிப்போடு நிறுத்திக்கொள்பவர் என்றால் அந்த அச்சம் இல்லை. எனவே முதல் மருத்துவரிடம், சிறிய பரவல் தெரிந்தால் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். இரண்டாம் மருத்துவரிடம், அறுவையின்போது சந்தேகமான கணு தென்பட்டால் அதை உடனடி உறைசீவல் சோதனைக்கு அனுப்பும் வசதி அங்கே உண்டா, நோய் உறுதியானால் அதே அமர்வில் கணுக்களை நீக்குவாரா என்று கேளுங்கள். எந்த நோமோகிராமும் தராத தெளிவு அந்தப் பதில்களில் கிடைக்கும்.

---

குடமுருட்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பிராஃப் சோதனையை வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அறிக்கையில் ஹஷிமோட்டோ அழற்சி இருப்பதாகக் குறிப்பு உள்ளது. கட்டி மேல்முனையில்தான் இருக்கிறது. கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்துவிடலாமா? அதிலுள்ள அயோடின் பிற்காலக் கதிரியக்க அயோடின் சிகிச்சையைத் தடுக்கும் என்று ஒருவர் சொன்னார்.

---

ஒலிநிழல் எழுதியது:

1.4 செ.மீ. கட்டிக்கு, அருகிலுள்ள உறுப்புகளை ஊடுருவிய அறிகுறியோ பெரிய கணுக்களோ இல்லாதபோது, சி.டி. வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டால் அயோடினுக்காகத் தயங்க வேண்டாம். பெரும்பாலானவர்களின் உடலிலிருந்து அது 4 முதல் 8 வாரங்களுக்குள் வெளியேறிவிடும்.

கட்டி மேல்முனையில் இருப்பதால், முதலில் பக்கக் கழுத்தை (மருத்துவர்கள் எண்ணிட்டுப் பிரித்துள்ள பகுதிகளில்) இரண்டாம் மட்டத்திலிருந்து ஐந்தாம் மட்டம் வரை, தைராய்டு ஸ்கேனில் பழகிய ஒருவரைக் கொண்டு மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறுக்களவு 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள சந்தேகக் கணு தென்பட்டால், ஊசிச் சோதனையுடன் அந்த ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலினையும் அளக்கச் சொல்லுங்கள். பக்கக் கழுத்துக் கணுவில் அது மிகுந்திருந்தால் பரவல் ஏறத்தாழ உறுதி. அப்படி உறுதியானால் மடலை மட்டும் எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை; முழுச் சுரப்பியும் நடுக்கழுத்துக் கணுக்களும் பாதிக்கப்பட்ட பக்கக் கழுத்துக் கணுக்களும் சேர்த்தே நீக்கப்பட வேண்டும், அதற்கேற்ற மருத்துவமனையும் தேவைப்படும். ஆகவே இந்த ஸ்கேனை முடிக்கும் வரை அறுவைக்கு நாள் குறிக்காதீர்கள்.